தெர்மலுக்கு ஒரு தேதி

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். கயத்தாறு காற்றாலைகளைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் போன வாரம்தான் படித்தேன். ஆடிக் காற்று வீசும்போது தூத்துக்குடி தெர்மலின், அதாவது கரியில் ஓடும் அனல்மின் நிலையத்தின், லோடு குறைகிறது என்று அதில் ஒரு வரி வருகிறது. அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. லோடைக் குறைப்பானேன், தெர்மலையே மூடிவிட்டால் என்ன?

நான் கோவில்பட்டியில் வீட்டு மாடிகளில் சோலார் பேனல் மாட்டும் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் முத்தையாபுரம். என் ஆச்சி முப்பது வருடத்துக்கு மேல் உப்பள வேலைக்குப் போனவர். உப்பளத்துக்காரர்கள் சாம்பலைப் பற்றிப் பேசுவதைக் கேட்டுக்கொண்டேதான் வளர்ந்தேன்.

தெர்மலின் முதல் யூனிட் ஓட ஆரம்பித்தது 1979-ல். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் உள்ளே புகுந்தது. 2025 மார்ச்சில் தீப்பிடித்தது. இன்னும் அதில் பணத்தைக் கொட்டி ஓட்டத்தான் வேண்டுமா? பகலுக்கு வெயில் இருக்கிறது. பாதி வருடத்துக்குக் காற்று இருக்கிறது. ராத்திரிக்கு பேட்டரி வந்துவிட்டது.

காற்றாலை பற்றி அவ்வளவு உற்சாகமாக எழுதுகிற நீங்கள் தெர்மல் என்று வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறீர்கள். உங்கள் சித்தப்பா அங்கே வேலை பார்த்தவர் என்று ஒருமுறை எழுதியிருந்தீர்கள். அந்தப் பாசமா? தவறாக நினைக்க வேண்டாம். தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

அன்புடன்,
எஸ்.,
கோவில்பட்டி

*

அன்புள்ள தம்பி,

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். ஆமாம், பாசம் உண்டு.

சித்தப்பா பாய்லர் பக்கம் ஆபரேட்டராக இருந்தார். நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, 1988 என்று நினைவு, ஒரு நாள் பாஸ் வாங்கி உள்ளே கூட்டிப்போனார். இரும்புப் படிகளில் ஏறிக்கொண்டே இருந்தோம். கைப்பிடிக் கம்பி கையில் சுட்டது. ஓர் இடத்தில் நிறுத்தி, பாய்லர் சுவரில் உள்ளங்கை அளவுக்கு இருந்த ஒரு மூடியைத் திறந்தார். கரு நீலக் கண்ணாடித் துண்டு ஒன்றை என் கையில் கொடுத்து, அதை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு பார்க்கச் சொன்னார். அதுவரை தீ என்றால் எனக்கு நாக்கு நாக்காக எரிவதுதான். உள்ளே அப்படி எதுவும் இல்லை. மாவு போல் அரைத்த கரியைக் காற்றோடு சேர்த்து நாலு மூலையிலிருந்தும் ஊதுகிறார்கள். நடுவில் அது ஒரு சுழலாகச் சுற்றுகிறது. நீலக் கண்ணாடி வழியாகப் பார்க்க, ஒரு பெரிய கிணற்றுக்குள் வெளிச்சம் சுழல்வது போல இருந்தது. பத்து நொடி பார்த்திருப்பேன். புருவம் காய்ந்துவிட்டது.

அப்புறம் கண்ட்ரோல் ரூம். வெளியே இருந்த இரைச்சலுக்கு அது கோயில் பிராகாரம் மாதிரி அமைதியாக இருந்தது. எல்லோரும் அடிக்கொரு தரம் ஒரே ஒரு மீட்டரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஃபிரீக்வென்சி மீட்டர். 50-ல் நிற்க வேண்டிய முள் 48-க்கும் 49-க்கும் நடுவே தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில் தென்மாநிலக் கிரிட், அதாவது நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கும் மின் வலை, பெரும்பாலும் அப்படித்தான் ஓடியது. சித்தப்பா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "ஊரு பூரா இழுக்கு. நாம தள்ளிக்கிட்டுக் கெடக்கோம்."

என் பாசம் அந்த மனிதர்கள் மேல், அவர்கள் செய்த வேலை மேல். அதற்காகக் கேள்வியை நான் தட்டிக்கழிக்கப் போவதில்லை. தூத்துக்குடி தெர்மலை மூடத்தான் வேண்டும். நீங்கள் "இப்போதே" என்கிறீர்கள். நான் "தேதி சொல்லி" என்கிறேன். இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதைத்தான் எழுத வேண்டும்.

தெர்மல் ஏன் வந்தது என்பதை உங்கள் வயதில் யாரும் நினைத்துப் பார்க்க வேண்டிய அவசியம் வந்திருக்காது. தெற்கே அப்போது இருந்ததெல்லாம் மலையடிவார மின்சாரம். பாபநாசம் 1944-ல் வந்தது. அப்புறம் பெரியாறு, கோதையாறு. எல்லாம் அணையை நம்பியவை. அணையில் தண்ணீர் இருந்தால் கரண்ட், இல்லையென்றால் வெட்டு. மாநிலத்தின் மற்ற பெரிய நிலையங்கள் எல்லாம் வடக்கே இருந்தன. எண்ணூரும் நெய்வேலியும் தள்ளுகிற மின்சாரம் இந்தக் கோடிக்கு வந்து சேர்வதற்குள் வோல்டேஜ் விழுந்துவிடும். நீண்ட வாய்க்காலின் கடைமடை வயல் மாதிரி. அந்தக் கடைமடையிலேயே ஒரு கிணறு வெட்டினார்கள். அதுதான் தெர்மல்.

1979, 1980, 1982 என்று முதல் மூன்று யூனிட்டுகள், 1991-லும் 1992-லும் மற்ற இரண்டு. ஒவ்வொன்றும் 210 மெகாவாட். மொத்தம் 1,050. தூத்துக்குடி, நெல்லை, விருதுநகர் மாவட்டங்களின் நூற்பாலைகளும் ரசாயன ஆலைகளும் கிணற்று மோட்டார்களும் தலையெடுத்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. கோவில்பட்டி தீப்பெட்டி ஆபீஸ்களில் லைட் எரிந்ததிலும்தான்.

இங்கே ஒரு பிடிக்கரி கிடையாது. 1974-ல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட துறைமுகம் இருந்தது, அவ்வளவுதான். கரி ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வர வேண்டும். அதைக் கொண்டுவர அதே 1974-ல் தொடங்கப்பட்டதுதான் பூம்புகார் கப்பல் கழகம். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் படகில் போயிருப்பீர்கள். அந்தப் படகை ஓட்டுகிற அதே பூம்புகார்தான். தமிழ் அண்ணா, தமிழ் பெரியார், தமிழ் காமராஜ் என்று அவர்களுக்குச் சொந்தக் கப்பல்கள் இருந்தன. சின்ன வயதில் துறைமுகத்தில் அந்தப் பெயர்களைப் படித்திருக்கிறேன். கருப்புப் பொடி படிந்த பெயர்கள்.

தால்சேரில் வெட்டிய கரி ரயிலில் பாரதீப் வருகிறது. அங்கே கப்பலில் ஏறி வங்காள விரிகுடாவில் இறங்கி, இலங்கையைச் சுற்றிக்கொண்டு தூத்துக்குடி வருகிறது. நிலக்கரி தளத்தில் இறக்கி, கன்வேயர் பெல்ட்டில் நேரே கிடங்குக்குப் போகிறது. இத்தனை தூரம் வருகிற கரியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சாம்பல். நம் நாட்டுக் கரியின் குணம் அது. நூறு மூட்டை கரிக்குக் கூலி கொடுத்து ஏற்றினால் அதில் முப்பத்தைந்து மூட்டை எரியாத மண். ஐந்து யூனிட்டும் முழு லோடில் ஓடினால் ஒரு நாளுக்கு 15,000 டன்னுக்கு மேல் கரி வேண்டும். ஆகவே 5,000 டன்னுக்கு மேல் சாம்பல் விழும். ஒரு நாளைக்கு. உங்கள் ஆச்சி தலைமுறை பேசுகிற சாம்பலின் கணக்கு இது.

தெர்மல் கரண்ட் ஏன் விலை கூடியது என்பதற்கும் பாதி விடை இதிலேயே இருக்கிறது. சுரங்கத்தின் வாசலில் இருக்கும் நிலையத்துக்கு இந்தக் கப்பல் கூலி கிடையாது. விலை குறைந்த மின்சாரத்தை முதலில் வாங்கு, கூடியதைக் கடைசியில் வாங்கு என்பதுதான் இன்றைய விதி. கடைசி வரிசையில்தான் தெர்மல் நிற்கிறது.

அதோடு, கடைமடை என்ற நிலையும் மாறிவிட்டது. 2012 ஜூலையில் வட இந்தியா முழுவதும் இருட்டானபோது நாம் தப்பித்தோம், ஏனென்றால் தென்மாநிலக் கிரிட் அப்போது தனியாக ஓடியது. 2013-ன் கடைசி நாளில் ராய்ச்சூர்–சோலாப்பூர் லைன் வழியாக நாமும் தேசியக் கிரிட்டில் சேர்ந்தோம். கூடங்குளத்தில் 1,000 மெகாவாட் அணு உலைகள் இரண்டு ஓடுகின்றன. தெர்மலுக்குப் பக்கத்திலேயே நெய்வேலி நிறுவனமும் மின்வாரியமும் சேர்ந்து கட்டிய 500 மெகாவாட் யூனிட்டுகள் இரண்டு 2015-லிருந்து ஓடுகின்றன. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதில் 1,050 என்பது இருபதில் ஒரு பங்கு. 1979-ல் தெர்மல் நின்றால் தெற்கே இருட்டு. இன்றைக்கு நின்றால் பலருக்குத் தெரியக்கூட வராது. இதுவரைக்கும் நான் உங்கள் பக்கம்தான்.

சரி, அப்படியானால் இன்றே பூட்டிவிட்டால் என்ன?

உங்கள் வேலையிலிருந்தே ஒரு கணக்குப் போடலாம். சாயங்காலம் ஆறரைக்கு உங்கள் பேனல்கள் தூங்கிவிடும். அந்த நேரத்தில்தான் வீட்டுக்கு வீடு லைட், ஃபேன், மிக்சி, இப்போது ஏசியும். ஆறரையிலிருந்து பத்தரை வரை நாலு மணி நேரம் தெர்மல் முழு லோடில் ஓடினால் 42 லட்சம் யூனிட் மின்சாரம், கரண்ட் பில்லில் வருகிற யூனிட். வீட்டு இன்வெர்ட்டருக்கு நீங்கள் வைக்கிற 150 ஆம்பியர் பேட்டரி ஒன்று 1.8 யூனிட் பிடிக்கும். கடைசிச் சொட்டு வரை உறிஞ்சினாலும் 23 லட்சம் பேட்டரி வேண்டும். கிரிட்டுக்கு வைக்கிற பேட்டரி வேறு வகை, கன்டெய்னர் கன்டெய்னராக வரும், விலையும் வருடா வருடம் இறங்குகிறது. முடியாது என்று நான் சொல்லவில்லை. அளவு எவ்வளவு என்பது மனதில் இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். ராத்திரிக்கு பேட்டரி வந்துவிட்டது என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். கடைக்கு வந்துவிட்டது. தெர்மலின் இடத்தை நிரப்பும் அளவுக்கு இங்கே இன்னும் வரவில்லை. தண்ணீரை மேலே ஏற்றி வைத்து வேண்டும்போது இறக்குகிற நிலையம் நம்மிடம் கடம்பாறையில் இருக்கிறது, 1987-லிருந்து, 400 மெகாவாட். குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு வேலை தொடங்கி ஆண்டுகள் ஆகின்றன. அதன் இழுபறியைச் சொல்ல ஆரம்பித்தால் தனிக் கட்டுரை ஆகிவிடும்.

காற்றின் கதையும் இப்படித்தான். தமிழ்நாட்டில் காற்றாலைகள் மட்டும் 10,000 மெகாவாட்டுக்கு மேல் நிற்கின்றன. முதன்முதலில் அவை நடப்பட்டது 1986-ல், உங்கள் முத்தையாபுரத்துக்குப் பக்கத்து முள்ளக்காட்டில். தெர்மலின் புகைபோக்கி தெரிகிற தூரத்தில்! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனது நிறைந்துவிடும். ஆனி, ஆடி, ஆவணியில் ஒரே நேரத்தில் 5,000 மெகாவாட்டைத் தாண்டுகிற காற்று, கார்த்திகை மார்கழியில் சில நூறுக்கு இறங்கிவிடும். ஆடியிலும்கூட மதியம் அடித்த காற்று ராத்திரி அதே அளவு அடிக்கும் என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை.

அந்த இடைவெளிகளை நிரப்பத்தான் பழைய தெர்மல்கள் ஓடுகின்றன. எண்பதுகளில் தூத்துக்குடி தெர்மலின் வேலை இரவும் பகலும் ஒரே சீராகத் தள்ளுவது. இப்போது அதன் வேலை, காற்றும் வெயிலும் வரும்போது ஒதுங்கி, அவை போகும்போது ஓடி வருவது. "லோடைக் குறை" என்று சென்னையிலிருந்து சொல்வார்கள். மூன்று மணி நேரம் கழித்து "ஏற்று" என்பார்கள். கரி யூனிட்டுகள் 55 சதவீதம் வரை இறங்கிச் சுமக்கப் பழக வேண்டும், படிப்படியாக 40 வரை போக வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையம் 2023-ல் விதியே போட்டுவிட்டது. கட்டியபோது இந்த வேலைக்காகக் கட்டவில்லை. வயதான பிறகு வேலையை மாற்றியிருக்கிறோம், அதுவும் கடினமான வேலையாக.

ஏன் கடினம் என்று சொல்கிறேன். இது என் சித்தப்பாவிடம் நான் கற்ற பாடம். பாய்லரைத் தரையில் உட்கார வைப்பதில்லை. மேலே உத்தரத்திலிருந்து கம்பிகளில் தொங்க விடுகிறார்கள். சூடேறினால் இரும்பு நீளும், கீழ்நோக்கி அரை அடி அளவுக்கு நீளும், அதற்கு இடம் வேண்டும். ஆறினால் மறுபடி சுருங்கி மேலே போகும். உள்ளே குழாய்களில் ஓடும் நீராவி 540 டிகிரி. ஒரே சூட்டில் மாதக்கணக்காக ஓடினால் இரும்பு தாங்கிக்கொள்ளும். தினமும் ஏற்றி இறக்கினால்தான் தளர்கிறது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் மடக்கிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? அதுதான். ஒரு குழாயில் ஊசி முனை அளவுக்கு ஓட்டை விழும். அதிலிருந்து பீறிடும் நீராவி பக்கத்துக் குழாயை அறுக்கும். "டியூப் பஞ்சர், யூனிட் டிரிப்" என்று, அதாவது குழாய் ஓட்டையாகி யூனிட் திடீரென்று நின்றுவிட்டது என்று, பேப்பரில் இரண்டு வரிச் செய்தி வரும்.

டிரிப் ஆனதும் எல்லாம் நின்றுவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். டர்பைனை நிற்க விட மாட்டார்கள். நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றிய தண்டு அது. சூட்டோடு அப்படியே நிறுத்தினால் மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் ஒரே மாதிரி ஆறாது, தண்டு வளைந்துவிடும். முடி அளவு வளைந்தாலும் போச்சு. அதனால் பாரிங் கியர் என்று ஒரு சின்ன மோட்டாரைக் கோத்து, ஆறும் வரைக்கும் மெதுவாக உருட்டிக்கொண்டே இருப்பார்கள். நாள் கணக்கில். சித்தப்பா அதை, காய்ச்சல்காரப் பிள்ளையைத் தோளில் போட்டு உலாத்துவதைப் போல என்பார். தீபாவளி ராத்திரி ஒன்றில் அவர் வீட்டுக்கு வராமல் அங்கேயே கிடந்தது இப்படி ஒரு யூனிட் ஆறுவதற்காகத்தான்.

இப்படிப்பட்ட இரும்பைக் கையில் வைத்துக்கொண்டு, "எப்படியும் மூடப் போவதுதானே" என்ற நினைப்பில் பராமரிப்பைக் குறைத்து, "இன்னும் மூடவில்லையே" என்ற நினைப்பில் ஓட்டவும் செய்தால், அதுதான் இருப்பதிலேயே மோசம். என் முழுக் கவலையும் இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது தம்பி.

நெய்வேலியின் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் 2020 மே மாதம் ஒரு பாய்லர் விபத்து, ஜூலை முதல் தேதி இன்னொன்று. பலர் செத்துப்போனார்கள். அதிகமும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். 2024 டிசம்பரில் மேட்டூர் அனல்மின் நிலையத்தில் கரியைச் சேர்த்து வைக்கும் பங்கர் சரிந்து விழுந்தது, ஒப்பந்தத் தொழிலாளர்கள் இருவர் இறந்தார்கள். நீங்கள் குறிப்பிட்ட தூத்துக்குடித் தீ 2025 மார்ச் 15 இரவு கேபிள்களில் பற்றியது. முதல் இரண்டு யூனிட்டுகளுக்கும் பலத்த சேதம், மூன்றாவதும் நின்றது. தீயை அணைக்கப் போன வீரர்கள் புகையில் மயங்கி விழுந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காரணம் இருக்கும். அதைக் கண்டுபிடிப்பது விசாரணை நடத்துகிறவர்கள் வேலை. எனக்குத் தெரிவதெல்லாம் அந்த நேரத்தில் பக்கத்தில் நின்றவர்கள் யார் என்பதுதான். நிரந்தர வேலைக்காரர்கள் ஓய்வுபெற, அந்த இடங்களை நிரப்பாமல், தினக்கூலிக்கு ஒப்பந்த ஆட்களை வைத்து ஓட்டுகிறார்கள். இருபது வருடம் கரி அரைக்கும் ஒரே மில்லைக் கழற்றி மாட்டிய மனிதர் காகிதத்தில் இன்னும் ஒப்பந்தக் கூலி. அந்த இயந்திரத்தின் சத்தம் மாறினால் அவருக்குத்தான் முதலில் தெரியும். அவரிடம் கேட்கிற வழக்கம் நம்மிடம் இல்லை.

எண்ணூரை எடுத்துக்கொள்ளுங்கள். 1970-ல் தொடங்கிய 450 மெகாவாட் நிலையம். கடைசிக் காலத்தில் யூனிட் யூனிட்டாக விழுந்து, 2017 மார்ச் 31-ல் நின்றது. அதற்குப் பதிலாக அறிவித்த 660 மெகாவாட் நிலையம் ஆண்டுக்கணக்காக இழுத்தது. நெய்வேலியில் சோவியத் உதவியோடு கட்டி 1962-ல் ஓட ஆரம்பித்த முதல் அனல்மின் நிலையம் 2020 வரை ஓடியது. 58 வருடம்! நாம் எதையும் மூடுவதில்லை. அது தானாகக் கீழே விழும் வரை காத்திருக்கிறோம்.

பிரிட்டனில் கடைசிக் கரி நிலையம் 2024 செப்டம்பர் 30 அன்று நின்றது. ராட்கிளிஃப் என்று பெயர். கரியை 2025-க்குள் விடுவோம் என்று அந்த அரசு 2015-லேயே சொல்லிவிட்டது. பிறகு அந்தத் தேதியை ஒரு வருடம் முன்னுக்கும் கொண்டுவந்தது. அவர்கள் பணக்கார நாடு, நம் தேவை வருடா வருடம் ஏறுகிறது, இரண்டும் ஒன்றில்லை என்பது எனக்குத் தெரியும். நான் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள விரும்புவது தேதியை மட்டும். தேதி தெரிந்தால் அங்கே வேலை பார்க்கிறவர் மகனை எதில் சேர்ப்பது என்று யோசிக்கலாம். மில்லுக்கு ஸ்பேர் வாங்குவதா வேண்டாமா என்று இன்ஜினியர் முடிவெடுக்கலாம். பேட்டரி எப்போது வந்து சேர வேண்டும் என்று வாரியம் டெண்டர் போடலாம். தேதி இல்லையென்றால் எல்லாமே அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்தான்.

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். முதல் மூன்று யூனிட்டுகளுக்கு ஒரு தேதி, பின்னால் வந்த இரண்டுக்கும் கொஞ்சம் தள்ளி ஒரு தேதி, இரண்டையும் இப்போதே வெளியே அறிவிக்க வேண்டும். அந்த நாள் வரைக்கும் பராமரிப்பில் ஒரு ரூபாய் குறைக்கக் கூடாது. முக்கியமாகத் தீயணைப்பு, கேபிள், வெள்ள வடிகால். அந்த 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதை நாம் பார்த்துவிட்டோம், இனி அது நூறு வருடத்துக்கு ஒருமுறை வருவது என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

மூடிய பிறகும் அங்கே இருப்பதையெல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போட வேண்டியதில்லை. அங்கிருந்து நாலா பக்கமும் போகும் உயர் அழுத்த லைன்களும் சப்ஸ்டேஷனும் இனி ஒருமுறை நிலம் எடுத்துப் போட முடியாத சொத்து. பேட்டரிகளை வைக்க அதைவிட நல்ல இடம் தெற்கே கிடையாது. ஜெனரேட்டரை டர்பைனிலிருந்து கழற்றிவிட்டுச் சும்மா சுற்றவிட்டால் அது கரி இல்லாமலே வோல்டேஜைத் தாங்கிப் பிடிக்கும். ஜெர்மனியில் பிப்லிஸ் என்ற ஊரில் மூடிய அணுமின் நிலையத்தின் ஜெனரேட்டரை 2012-லிருந்து அப்படி ஓட்டினார்கள். எந்தத் தண்டு வளைந்துவிடக் கூடாது என்று சித்தப்பா தீபாவளியை விட்டாரோ, அதோடு கோத்துச் சுற்றிய ஜெனரேட்டர் இன்னும் பத்து வருடம் புகையில்லாமல் சுற்றினால் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சாம்பலுக்கு வருகிறேன். இதில் நீங்கள் சொன்னதைவிட நான் ஒரு படி மேலே போவேன். தெர்மலை இன்றே பூட்டினாலும் சாம்பல் போகாது. நாற்பது வருடத்துச் சாம்பல் கடலோரத்தில் குளமாகக் கிடக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் மன்னார் வளைகுடா. 1986-லேயே கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா என்று அறிவித்த இடம். பவளப் பாறையும் கடற்புல்லும் அதை மேயும் ஆவுளியா என்கிற கடல்பசுவும் இருக்கிற கடல். சாம்பல் கரைசல் கடலுக்குப் போகிறது என்று மீனவர்கள் எத்தனை முறை மனு கொடுத்திருக்கிறார்கள். இப்போது விழும் உலர் சாம்பலைச் சிமெண்ட்காரர்களும் கல் அறுக்கிறவர்களும் லாரி லாரியாக வாங்கிப் போகிறார்கள், அதற்கு விலை இருக்கிறது. குளத்தில் ஈரமாகக் கிடக்கிற பழையதைச் சீந்துவார் இல்லை. யூனிட்டுகள் ஓடுகிற வரைக்கும் வாரியத்துக்கு அங்கே ஆபீஸ் இருக்கும், இன்ஜினியர் இருப்பார், மனு கொடுக்க ஒரு வாசல் இருக்கும். கேட்டைப் பூட்டிய மறுநாள் அந்தச் சாம்பல் யாருடையது? இந்தக் கேள்விக்கு விடை எழுதி வாங்காமல் மூடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

உங்கள் ஆச்சி விஷயமும் அதில்தான் வருகிறது. மூடுவிழா என்றால் உள்ளே இருக்கிற நிரந்தர ஊழியர்களுக்கு மாறுதல் கிடைக்கும், ஒப்பந்தக்காரர்களைப் பற்றிக் கொஞ்சம் பேசுவார்கள், போராட்டம் நடக்கும். மதிலுக்கு வெளியே பாத்தியில் உப்பு வாரிக்கொண்டு அந்தப் புகைபோக்கியைப் பார்த்தே முப்பது வருடம் நின்ற பெண்களுக்கு அந்தக் கணக்கில் ஒரு பத்தியும் இருக்காது. விடியற்காலை மூன்று மணிக்கே அளத்துக்குப் போகிறவர்கள். கால் வெடிப்புக்குள் உப்பு இறங்கி எரிய எரிய நிற்கிறவர்கள். உப்பின் மேல் படியும் சாம்பலைப் பற்றிய அவர்கள் பேச்சு எந்த அறிக்கையிலும் அவர்கள் குரலில் இல்லை. நீங்கள் ஆச்சியிடம் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். எந்த மாதம் அதிகம் படிந்தது, எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கத்துப் பாத்தி கெட்டது, சாம்பல் விழுந்த உப்பை என்ன செய்தார்கள், கூலியில் பிடித்தார்களா. அவருக்கு நினைவிருக்கும். அளத்து வேலைக்காரர்கள் காற்றை நம்மைவிட நன்றாகக் கவனிப்பவர்கள்.

எழுதி என்ன செய்வது என்று கேட்பீர்கள். மின் கட்டணத்தை மாற்ற வாரியம் மனு போடும்போது மின்சார ஒழுங்குமுறை ஆணையம் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும். யார் வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கலாம், எழுந்து நின்று பேசலாம். 2022 ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னை மூன்று ஊர்களில் நடந்தது. பெரும்பாலும் கட்டணத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். நியாயம்தான். ஆனால் தெர்மலுக்குப் பராமரிப்புச் செலவு எவ்வளவு, எந்த யூனிட் எத்தனை நாள் நின்றது, எப்போது மூடப் போகிறீர்கள், சாம்பல் குளத்துக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று கேட்கவும் அதுதான் இடம். கேட்டால் பதிவாகும். பதிவானால் பதில் எழுதியாக வேண்டும்.

அடுத்த முறை மதுரையில் நடக்கும்போது நான் திருநெல்வேலியிலிருந்து காரில் போகலாம் என்றிருக்கிறேன். சித்தப்பாவும் வருவதாகச் சொல்கிறார், முழங்கால் வலி ஒத்துழைத்தால். கோவில்பட்டி பைபாஸில் நீங்களும் ஆச்சியும் ஏறிக்கொள்ளுங்கள். காலையில் சீக்கிரம் கிளம்ப வேண்டியிருக்கும்.

அன்புடன்,
அண்ணாச்சி